பந்தியில் எழுந்து போனவரும் பெண்ணையாறும்

தோழிகளே, போன மாதம் நாம் ஐந்து பேரும் திண்டிவனத்தில் கூடிச் சாப்பிட்டபோது, பெருமுக்கல்காரி மறுபடியும் அந்தப் பழைய கதையை எடுத்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அவளுக்கு அது அலுக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பரீட்சையில் ‘ஆற்றின் மூன்று பணிகளை எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். அரித்தல், கடத்துதல், படியவைத்தல் என்று நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். நானும் எழுதினேன். அதோடு விட்டேனா? கை சும்மா இருக்கவில்லை. நாலாவதாக, ‘பந்தியில் எழுந்து போனவரைத் திரும்ப உட்காரவைத்தல்’ என்று எழுதிவைத்தேன். வாத்தியார் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டு, அதுவும் போதாதென்று வகுப்பில் எழுந்து நின்று வாசித்துக் காட்டினார். அன்றைக்கு விடுதி முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் சிரித்தவள் யார் என்றும் நினைவிருக்கிறது, பெருமுக்கல்காரி!

வாத்தியார் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் உங்களைப் போல ஏரிக்கரையில் பிறந்தவர். ஏரி பரம சாது. கரை போட்ட இடத்தில் கிடக்கும், மதகைத் திறந்தால் போகும், மூடினால் நிற்கும். வெயில் காலத்தில் வற்றிப்போய் மாடு மேய இடம் கொடுக்கும். ஆறு அப்படியா? மைசூர்ச் சீமையில் எங்கேயோ ஒரு மலையில் பிறந்து, பாறையில் முட்டி, கிருஷ்ணகிரியைத் தாண்டி, திருக்கோயிலூரைத் தாண்டி, விழுப்புரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலூரில் கடலில் விழுகிறது எங்கள் பெண்ணையாறு. வருகிற வழியெல்லாம் ஒரு ஊரில் எடுக்கும், இன்னொரு ஊரில் போடும். யாரையும் கேட்காது. அப்படி அது ஒரு தடவை எங்கள் கொல்லையை எடுத்துக்கொண்டு போன கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். வானூர்காரி, காதுக்கு மிஷினை மாட்டிக்கொள். நடுவில் ‘என்னடி சொன்ன’ என்று கேட்கக் கூடாது.

சாத்தனூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயசு. எங்கள் ஊர் ஆற்றுக்கு வடகரை. ஊருக்கு நேரே வந்ததும் ஆறு ஒழுங்காகக் கிழக்கே போகாமல், தெற்கே ஒரு பெரிய வளைவு வளைந்து, திரும்பவும் வடக்கே வந்து, அப்புறம்தான் கிழக்கே போகும். அந்த வளைவுக்குள்ளே நாக்கை நீட்டினாற்போல ஒரு நிலம். மூன்று பக்கமும் ஆறு, ஒரு பக்கம் மட்டும் ஊர். மூன்று காணி, நாலு ஏக்கர் இருக்கும். அதுதான் எங்கள் கொல்லை. எங்களுக்கு இருந்த நிலமும் அது ஒன்றுதான். மல்லாட்டை போட்டால் செடியைப் பிடுங்கும்போது கை கடுக்கும், அவ்வளவு கடலை. கொல்லையின் தென்முனையில் ஒரு துறை உண்டு. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் அம்மன் எங்கள் கொல்லை வழியாக வந்து அந்தத் துறையில்தான் குளிப்பாள். அதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. வெளியே சொல்ல மாட்டார், ஆனால் அன்றைக்கு மட்டும் மீசையை நீவிக்கொண்டே இருப்பார்.

ஆற்றுக்கு அந்தாண்ட இருக்கிற ஊரில்தான் எங்கள் பெரியம்மாவைக் கொடுத்திருந்தது. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் பெரியம்மா வீட்டு அடுப்புப் புகை தெரியும். ஆனால் மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் காது.

எனக்குக் காது குத்தியபோது பெரியப்பா வந்து முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவது? அவருக்குத்தான் முதல் இலை என்று மரியாதை. பந்தி விசாரிக்கிற பொறுப்பு எங்கள் சித்தப்பாவிடம் இருந்தது. அப்பாவின் தம்பி, நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் முந்தும், புத்தி பிந்தும். அவர் போய், “அண்ணா, கொஞ்சம் எழுந்துருங்கண்ணா, தாய்மாமன் உக்காரணும், நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்” என்றார். சோறு விழுந்த இலை. பெரியப்பா இலையிலிருந்து கையை எடுத்தார். எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நேராக ஆற்றில் இறங்கி நடந்து போய்விட்டார். பின்னாலேயே பெரியம்மா அழுதுகொண்டு, என்னைவிட ஒரு வயசு மூத்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ‘திமிர் புடிச்ச மனுசன்’ என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் மழை நின்று வெயில்கூட அடித்தது. ‘அப்பாடா’ என்று நாங்கள் ஈரத் துணியை வெளியே காயப்போட்டபோதுதான் மேற்கே இருந்து அந்தச் சத்தம் வந்தது. நூறு கட்டை வண்டி ஒன்றாக வருகிற சத்தம். எங்களுக்கு மழை நின்றால் என்ன, மேலே மலையில் பெய்ததெல்லாம் அப்போதுதான் எங்களுக்கு வந்து சேர்கிறது! ஊரே அம்மன் கோயில் மேட்டில் ஏறி நின்றது. தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரை கட்டி வந்தது. மண்ணும் அழுகின தழையும் கலந்த ஒரு வாசனை, அதை நான் வேறு எங்கேயும் மோந்ததில்லை. ஒரு கதவு மிதந்து போனது. உலக்கை போனது. ஒரு வைக்கோல் போர் முழுசாகப் போனது, அதன் உச்சியில் ஒரு சேவல் நின்று கூவிக்கொண்டே போனது. நாங்கள் பிள்ளைகளெல்லாம் அதற்கு டாட்டா காட்டினோம்.

அப்பா மட்டும் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கு என்று சொன்னேன் இல்லையா, அந்த நாக்கின் அடி, ஊரோடு ஒட்டியிருக்கிற இடம், அங்கேதான் மண் சரிந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய கட்டியாகத் தொபுக்கட்டீர் தொபுக்கட்டீர் என்று விழுந்தது. காலையில் அது ஒரு வாய்க்கால். மதியம் ஓர் ஓடை. சாயங்காலம் முழு ஆறும் அந்த வழியாகத்தான் போனது. வளைந்து போகிற வேலையெல்லாம் இனி நமக்கு வேண்டாம் என்று நேரே போக ஆரம்பித்துவிட்டது.

“ண்ணா, ஆறு குறுக்கு வழி புடிச்சிகினு போவுதுண்ணா!” என்று சித்தப்பா கத்தினார், என்னவோ அவர்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி.

அப்பா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “கொல்ல போச்சு” என்றார். கொல்லைக்குத் தெற்கே ஓடின ஆறு இப்போது வடக்கே ஓடுகிறது. கொல்லை அக்கரையோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் இரண்டு ஊருக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம்: ஆறுதான் எல்லை. ஆறு இடம் மாறினால் எல்லையும் மாறும். தாத்தாவின் அப்பா காலத்தில் ஆறு தெற்கே நகர்ந்தபோது அக்கரை மண் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்ததாம். நாங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தோமா என்ன? அதனால் இப்போது அப்பாவால் வாய் திறக்க முடியவில்லை.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “நம்ப கொல்ல எங்க அக்கா ஊட்டாண்ட போயிடுச்சி” என்றாள். அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. அந்த முகம் அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. கொல்லைமேல் அவளுக்குப் பொறாமை.

கார்த்திகை முடிவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அப்பா தினமும் கரையில் போய் உட்கார்ந்து கொல்லையைப் பார்ப்பார், ஆனால் காலை வைக்க மாட்டார். ரோஷம். எனக்கு ஏது ரோஷம்? கன்றுக்குட்டிக்குப் புல் அறுக்கிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடேயப்பா, என் கொல்லையை எனக்கே அடையாளம் தெரியவில்லை! மேற்கு முனையில் கூழாங்கல், நடுவில் மணல், கிழக்கே வால் பக்கம் வழவழவென்று வண்டல். சந்தைக்குப் போய் வருகிற பொம்பளை கனமான மூட்டையை முதலில் இறக்கிவைத்து, பூவையும் வெற்றிலையையும் கடைசியாக எடுத்து வைப்பாள் இல்லையா, ஆறும் அப்படித்தான் இறக்கியிருந்தது. பிற்பாடு முப்பது வருஷம் பூகோளப் பாடம் எடுத்தேன், ஒரு வருஷம்கூட இந்தப் பாடத்துக்கு நான் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. வண்டல் மேலே காய்ந்து அப்பளம் மாதிரி வெடித்திருக்கும், உள்ளே கேப்பைக் களி. எங்கள் எடைக்கு அந்த அப்பளம் தாங்கியது. ஓடினால் காலடியில் மெத்மெத்தென்று ஆடும். அந்தச் சுகத்துக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றையும் அனுபவித்ததில்லை.

‘எங்கள் எடைக்கு’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே நான் மட்டும் இல்லை. பழைய ஆறு வளைந்து ஓடின இடத்தில் தண்ணீர் தங்கி, பிறை மாதிரி ஒரு குட்டை ஆகியிருந்தது. குருட்டு ஆறு என்று புத்தகத்தில் படித்தோமே, அதுதான். அந்தக் குட்டையில் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ எங்க சித்தி பொண்ணுதான?”

“நீ எங்க பெரியம்மா பொண்ணுதான?”

“உங்கூடப் பேசக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக்கிறாரு.”

“எங்கப்பாவும்தான்.”

அக்கா தலையைச் சொறிந்தாள். “அப்போ பேசாமயே வெளாடலாம்” என்றாள்.

அப்படித்தான் விளையாடினோம், தோழிகளே! நாலு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் காட்டி, கண்ணை உருட்டி, தலையை ஆட்டி. பாவாடையை விரித்து இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்துக் குட்டையில் கெண்டை பிடித்தோம். ஆறு கொண்டுவந்து போட்டிருந்த சாமான்களைப் பொறுக்கினோம். எந்த ஊர் மாட்டுக் கழுத்திலோ இருந்த ஒரு பித்தளைச் சலங்கை, பாதி மரச் சீப்பு, ஒரு சிவப்பு வளையல். கல்லுக்குக் கணக்கே இல்லை. வெள்ளை, கறுப்பு, ஈரல் நிறம், வரி வரியாகப் போட்டது. எல்லாம் மலையிலிருந்து கிளம்பும்போது கூரான கல்லாகத்தான் கிளம்பியிருக்கும், உருண்டு உருண்டு எங்களிடம் வரும்போது முட்டை மாதிரி ஆகிவிட்டது. அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, திண்டிவனம் விடுதி வரைக்கும் கொண்டுவந்தேன். கூட்டேரிப்பட்டுக்காரி, ஊறுகாய் ஜாடி மூடி மேல் வைக்க ‘ரெண்டே ரெண்டு கல் குடுடி’ என்று வாங்கினாயே, ஒன்றாவது திரும்ப வந்ததா? டப்பாவும் எந்த வீடு மாற்றும்போது தொலைந்ததோ, இன்று ஒரு கல்கூட இல்லை.

ஐந்தாம் நாள் பேசிவிட்டோம். மணல் மேட்டு ஓரத்தில் தானாக ஒரு பரங்கிக்கொடி முளைத்திருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். கத்தின பிறகு என்ன வேஷம்? அதற்கப்புறம் வாய் ஓயவில்லை. அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள்: “உங்க ஊட்டு விசேசத்துக்கு எல கட்டு யாரு குடுத்தா தெரியுமாடி? எங்கப்பாதான். விடியறதுக்குள்ள எங்க தோட்டத்துல அறுத்து, தலையில வெச்சிகினு ரெண்டு நடை ஆத்தத் தாண்டி வந்தாரு. அவரு அறுத்த எலயிலேருந்தே அவர எழுப்பிட்டாங்க. பச்சத்தண்ணிகூடக் குடிக்காமப் பசியோட வந்தாருடி.”

நான் இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்று சாப்பிடும்போது இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திமிர் என்று மூன்று வருஷமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பசி. எனக்கே ‘ஐயோ’ என்று இருந்தது.

‘அக்கரைக்கு ஏண்டி போன’ என்று அம்மா என்னைக் கேட்கவே இல்லை. மறுநாள் புல்லுக்குக் கிளம்பும்போது கூடையில் ஒரு பொட்டலம் அதிரசம் இருந்தது. “வழியில யாருனா இருந்தா குடு” என்றாள். சாயங்காலம் அதே துணியில் சுண்டைக்காய் வற்றல் வந்தது. அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். “இது எங்க அக்கா கை உப்பு” என்றாள். அப்புறம் முழுப் பொட்டலத்தையும் வறுக்காமலேயே தின்று தீர்த்தாள்.

அதற்குள் பெரியவர்கள் பஞ்சாயத்து சூடு பிடித்துவிட்டது. நிலக் கணக்கு எழுதுகிற எங்கள் ஊர்க் கர்ணம் குடையும் துணி மேப்புமாக ஆற்றங்கரைக்கு வந்து, மேப்பை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார்.

“இதோ பாருய்யா. ரெக்கார்டுல ஆறு கொல்லைக்குத் தெக்கால போவுது. இங்க வடக்கால போவுது. ரெக்கார்டு தப்பாவாது. அப்போ இன்னா அர்த்தம்? ஆறுதான் தப்பாப் போயிகினு கீது.”

“அத்த ஆத்துகிட்ட யாருங்க சொல்றது?” என்றார் சித்தப்பா. கர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

ரெக்கார்டு எங்கள் பக்கம், வழக்கம் அவர்கள் பக்கம். இரண்டு கரைக்கும் மீன் விற்கிற அம்மா மூலமாகப் பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது. அவர்தான் அந்த ஊருக்கு நாட்டாண்மை. “காயிதத்துல ஓடுற ஆத்துலயே உங்க சாமியக் குளிப்பாட்டிக்கச் சொல்லு” என்றாராம்.

சுருக்கென்று தைத்தது. தை ஐந்து வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாமி இறங்கின மண் ஊர் மண் என்பது இரண்டு ஊருக்கும் பேச்சு. எங்கள் அம்மன் வழக்கமான துறையில் குளிக்க வேண்டுமானால் புது ஆற்றைத் தாண்டி, கொல்லையில் ஏறி, தெற்கே குட்டைக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப் பெருமாள் தேங்கின குட்டையில் குளிக்க மாட்டார், அவருக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். அவர் கொல்லையைத் தாண்டி வடக்கே புது ஆற்றுக்கு வர வேண்டும். ஆக, இரண்டு சாமியும் எங்கள் மூன்று காணி வழியாகத்தான் போயாக வேண்டும். எந்தச் சாமி கொல்லையைக் கடக்கிறதோ, கொல்லை அந்த ஊருக்கு. அம்மன் கடக்காவிட்டால் அடுத்த வருஷம் எங்களுக்கு ஏர் ஓட்ட ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா இரண்டு நாளாகச் சோறு சரியாகத் தின்னவில்லை.

தை ஐந்து காலையில் மேளம் அடித்துக்கொண்டு கிளம்பினோம். கரையெல்லாம் ராட்டினம், பொரிக்கடை, மண் ஒட்டின கிழங்குக் குவியல். அம்மன் பல்லக்கை எட்டுப் பேர் தூக்கினார்கள், முன்கட்டையில் சித்தப்பா. ஆற்றைத் தாண்டும்போது தண்ணீர் இழுத்ததில் எங்கள் இலைக் கட்டு நழுவி மிதந்து போனது. அதை யார் கவனித்தார்கள்? அந்தப் பக்கத்திலிருந்தும் மேளம் கேட்டது. பெருமாள் வந்துகொண்டிருந்தார், முன்னால் வெள்ளைத் தலைப்பாகையோடு பெரியப்பா.

கொல்லை நடுவே, சரியாக வண்டலின் மேல், இரண்டு பல்லக்கும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன.

“வழி வுடுங்கய்யா!”

“யார் ஊட்டு வழிய யாருக்கு வுடறது?”

“எங்க அம்மன் மாமூலாப் போற வழிய்யா இது!”

“மாமூல ஆறு அடிச்சிகினு போயி மூணு மாசம் ஆவுது!”

நடந்துகொண்டே இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். ஒரே இடத்தில் நின்று சண்டை போட்டதுதான் வினை. அப்பளம் உடைந்தது. நானும் அக்காவும் மணல் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் எல்லோருக்கும் கணுக்கால் காணோம். அப்புறம் முழங்கால். சண்டை உச்சத்தில் இருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எதிராளி குள்ளமாகிக்கொண்டே போகிறானே என்றுகூட யாரும் யோசிக்கவில்லை. எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அத்துப்படி. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யார் கேட்டார்கள்?

“ஐயோ, பல்லக்கு சாயுது!” என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், சண்டை நின்றுபோனது. அம்மன் ஒரு பக்கம் சாய்கிறாள், பெருமாள் ஒரு பக்கம் சாய்கிறார். சாமியைத் தரையில் போட முடியுமா? காலைத் தூக்கினால் கால் வரவில்லை. எங்கள் ஆட்களால் அம்மனை மட்டும் தூக்க முடியவில்லை, அவர்களால் பெருமாளை மட்டும் தூக்க முடியவில்லை. “புடிய்யா, அந்தக் கொம்பப் புடி!” “ஜல்தி, ஜல்தி!” என்று எந்த ஊர் ஆள் எந்தச் சாமியைப் பிடிக்கிறான் என்றே தெரியாமல் கைக்குக் கை மாற்றி, இரண்டு பல்லக்கையும் எங்கள் பரங்கிக்கொடி இருந்த மணல் மேட்டில் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் இறக்கினார்கள்.

சித்தப்பா மட்டும் இடுப்பு வரைக்கும் உள்ளே. வாய் மட்டும் வெளியே வேலை செய்தது. “அண்ணா, அண்ணா” என்று யாரைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாமல் கூப்பிட்டார். பெரியப்பா நாணல் கட்டைப் போட்டு அதன் மேல் படுத்து, சித்தப்பாவின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து உருவி எடுத்தார். சொத்தென்று சத்தம் வந்தது. வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது!

“அன்னிக்கு நீ என்ன எழுப்புன. இன்னிக்கு நான் உன்ன எழுப்புறேன். சரியாப் போச்சா?” என்றார் பெரியப்பா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. தலை முதல் கால் வரை சேறு பூசின இரண்டு ஊர் ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே பெரியம்மாவும் அம்மாவும் எங்கிருந்தோ ஓடிவந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். “எளச்சிப் போயிட்டியேடி.” “உன் வத்தல்ல உப்பு ஜாஸ்திக்கா.” சேறு எந்தப் புடவையிலிருந்து எந்தப் புடவைக்குப் போனது என்று சொல்ல முடியாது.

இரண்டு சாமியும் ஒன்றாகப் புது ஆற்றில் குளித்தன. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, ஓடுகிற தண்ணீர் அதுதானே? குளித்து வந்த பிறகு பசி. கொடியில் தொங்கின பரங்கிக்காய் நாலையும் பறித்துக் குழம்பு வைத்தார்கள். “யாரு நட்ட கொடி இது?” என்று பெரியப்பா கேட்டார். “ஆறு நட்டது, நாங்க காவல் காத்தோம்” என்றாள் அக்கா. கட்டுச்சோறு இருந்தது, இலைதான் இல்லை. பெரியம்மா தன் கூடையிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தாள். பெரியப்பா தோட்டத்து இலை.

மணல் மேட்டைச் சாமிகள் பிடித்துக்கொண்டதால் வண்டல் ஓரமாக நாணலைப் பரப்பிப் பந்தி போட்டார்கள். அப்பா ஒரு தலைவாழை இலையை எடுத்தார். முதல் இடத்தில் போட்டார். தண்ணீர் தெளித்தார்.

“அண்ணா, மொத எல உங்களுது. அன்னிக்கி எல யாரு குடுத்ததுன்னுகூட எனக்குத் தெரியாமப் போச்சு. உக்காருங்க.”

பெரியப்பா குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்பாவே பரிமாறினார். பெரியப்பா கனத்த உடம்புக்காரர், மூன்று வருஷப் பசி வேறு. மறுசோறு வாங்கினார், அதற்கு மேலும் வாங்கினார். குழம்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

“கொல்ல உன்னுதுதான்டா. நெலத்த இங்க எழுதி அங்க மாத்தறதுக்கு ஆறு இன்னா கர்ணமா? ஆனா உன் மாடு இந்தத் தண்ணியத் தாண்டி வராது. ஏரு நான் ஓட்டித் தரேன். வெதைய எடுத்துகினு நீ வா.”

அப்பா குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேற்றைத் துடைத்தார் என்று அப்போது நினைத்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததா? இல்லை, சித்தப்பா இருக்கிறாரே! யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்க வந்துவிட்டார். அடுத்த பந்திக்கு ஜனம் நின்றது. இவர் நேராகப் பெரியப்பா முன்னால் போய், வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார்:

“அண்ணா, கொஞ்சம் எழுந்துருங்கண்ணா, அடுத்த பந்தி உக்காரணும்.”

அதே வார்த்தை! அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா ‘போச்சுடா’ என்று தலையில் கை வைத்தாள். பெரியப்பாவின் முகம் கறுத்தது. கையை நாணலில் ஊன்றி வேகமாக எழப் போனார். எழவில்லை. மறுபடியும் ஊன்றினார். இந்தப் பக்கம் அசைந்தார், அந்தப் பக்கம் அசைந்தார். நானும் அக்காவும் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், சொல்லவில்லை. நாணல் அமுங்கி, வண்டல் மேலே ஏறி, அவர் தொடை வரைக்கும் கவ்விப் பிடித்திருந்தது.

“எழுந்துக்க முடியலடா” என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், குலுங்கக் குலுங்க இன்னும் உள்ளே போனார். “ஆறு வுடமாட்டேங்குதுடா. இன்னொரு கரண்டி சோறு போடு!”

அவர் உட்கார்ந்தபடியேதான் அடுத்த பந்தியும் நடந்தது. கடைசியில் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்துதான் அவரைத் தூக்கினார்கள். அவர் எழுந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பெரியம்மா குழம்புக்கு அறுத்த பரங்கியின் விதையை ஒரு பிடி எடுத்து அதில் போட்டாள், அம்மா காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பரீட்சைப் பேப்பரும் இல்லை. பெருமுக்கல்காரி, அந்தச் சிவப்பு வட்டத்தை இப்போது நீயே அழித்துவிட்டு எனக்கு மார்க்கைப் போடு.